எட்டாவது மருத்துவர்

ஏழு மருத்துவர்களை
விமானத் திடலில் கொண்டுபோய் விட்டவன் நான்.
ஏழு பேரின் பெட்டிகளையும்
இதே நீலக் கயிற்றால்தான்
ஆம்புலன்ஸ் கூரையில் கட்டினேன்.
புவெர்த்தோ லெங்காவிலிருந்து சரளைச் சாலையில் நூற்றுப்பத்து கிலோமீட்டர்,
நடுவில் ஓர் ஆறு, அதில் ஒரு மிதவைப் படகு.
பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள்.
ஒருவர் அழுதார்.
ஒருவர் தன் ரப்பர் பூட்ஸை எனக்குக் கொடுத்தார்,
அளவு சரியாக இருந்தது.

வந்தபோது எல்லோரும் நல்லவர்கள்.
அதுதான் சிக்கல்.
நள்ளிரவில் தட்டினால் திறந்தார்கள்,
ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கும் வரிசையில்
தொண்டை பார்த்தார்கள்.
பதிலுக்கு நாங்கள் ஆட்டுக்கறி கொடுத்தோம்,
விறகு வெட்டிப் போட்டோம்,
பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரை வைத்தோம்.
இப்படி அன்பாக ஓர் ஆளைத் தின்று முடிக்க
எங்களுக்கு இரண்டு குளிர்காலம் போதும்.

எட்டாவதாக வந்தவள் மைத்தே இத்துர்ரா.
மிதவைப் படகிலேயே கேட்டாள்,
"எனக்கு முன்னால் இருந்தவர்
இரவில் எத்தனை மணிநேரம் தூங்கினார்?"
எண்ணிப் பார்த்தவர் எங்களில் யாருமில்லை.

முதல் மாதமே நகராட்சிக் கூட்டத்தில் எழுந்தாள்.
இரண்டாவது மருத்துவர் வேண்டும்.
வீட்டுக்கு ஒழுகாத கூரை வேண்டும்.
ஆண்டுக்கு ஆறு வாரம்
நகர மருத்துவமனைக்குப் போய்க் கற்றுவர வேண்டும்.
அப்புறம், வியாழக்கிழமை.
வியாழக்கிழமை என்னுடையது.
"தொண்டு மனப்பான்மை என்று ஒன்று..." என்று
மேயர் தொடங்கினார்.
"இருக்கிறது. ஒரே தவணையில் தருவதாக இல்லை" என்றாள்.

திமிர் பிடித்தவள் என்றாள் மளிகைக்கடை எர்மிந்தா.
அந்தக் கடையில்தான்
முழங்காலைத் திறந்துகாட்டிய ஓசியேல் பர்ரியாவிடம்
"இங்கே நான் உருளைக்கிழங்கு வாங்க வந்தவள்" என்று
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.
ஊர் ஒரு வருடம் அவளிடம்
நோயைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

நான்காம் வருடம், ஜூன், பனி.
எர்மிந்தாவின் வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது.
பணியில் இருந்தவன் பெஞ்சமின்,
இருபத்தேழு வயது,
கை நடுக்கத்தை மறைக்க இன்னும் பழகாதவன்.
அவளை ஏற்றிக்கொண்டு வரும் வழியில்
மைத்தே வீட்டு முன்னால் வண்டி தானாக நின்றது.
தானாக என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.
உள்ளே விளக்கு. அக்கார்டியன் சத்தம்,
ஒரே இடத்தில் மூன்று முறை தடுக்கி விழுந்தது.
இறங்கிப் போய்க் கையை ஓங்கினேன்.
வண்டிக்குள்ளிருந்து எர்மிந்தா
தனக்குக் கட்டுப்படாத நாக்கால்
இரண்டு முறை சொன்னாள்:
"வியா... ழன்."

வசையா, அனுமதியா,
இன்றுவரை நான் கேட்டதில்லை.
திரும்பிவந்து வண்டியை எடுத்தேன்.

பெஞ்சமின் இரவெல்லாம் நகரத்தோடு தொலைபேசியில் இருந்தான்.
விடியற்காலை மேகம் விலகியது, விமானம் இறங்கியது.
எர்மிந்தா இப்போது வலது கையால் மட்டும்
சர்க்கரை நிறுக்கிறாள்.
சீக்கிரம் பார்த்திருந்தால் இடது கையும் எழுந்திருக்குமா?
தெரியாது. யாருக்கும் தெரியாது.

வெள்ளி காலை மைத்தே கேட்டாள்,
"என் கதவைத் தட்டினாயா?"
"இல்லை."
மடித்துவைத்திருந்த கம்பளியை உதறி
மறுபடி மடித்தாள்.
வெகுநேரம் மடித்தாள்.
பிறகு வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

இது பதினோராம் வருடம்.
பெஞ்சமின் போய், ராயேன் வந்திருக்கிறாள்.
சுவரில் தொங்கும் பணிப்பட்டியலில்
மூன்று கையெழுத்துகள்,
ஒன்று யாருக்கும் புரியாது.

போன அக்டோபரில்
ஆப்பிள் கன்றைக் காற்றுக்குச் சாயாமல் கட்ட
மைத்தே என் நீலக் கயிற்றை வாங்கிப்போனாள்.
திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

தெற்கிலிருந்து காற்று ஊளையிடும் இரவுகளில் மட்டும்
எழுந்துபோய்
வண்டியில் வேறு கயிறு கிடக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.