கடைசிப் பல்

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
ஒன்பது வயதுச் சாம்பல் நிறக் கார்.
டாஷ்போர்டில் சிவப்பாய் ஒரு மனிதன்
முகத்துக்கு நேரே பந்தைப் பிடித்துக்கொண்டு
போகமாட்டேன் என்கிறான்.

"மூணு தடவை அழிச்சாச்சு மிஸ்.
உபியில ஒருத்தன் எண்பது வெள்ளி வாங்கினான்.
தெம்பனிஸ் தாண்டுறதுக்குள்ள
இவன் திரும்ப வந்து உட்கார்ந்துட்டான்."
தனபாலன் சாவியைத் தரும்போதே பாதி தோற்றிருந்தார்.

கருவியைச் செருகினேன்.
இடப்பக்கக் காற்றுப்பை. சுற்றில் தடை அதிகம்.
அழிப்பதற்கு ஒரு விரல் போதும்.
எண்பது வெள்ளி அந்த விரலுக்கு.

பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
"ஏன் சும்மா நிக்கிறீங்க?"
"அஞ்சு நிமிஷம். உள்ளே மிச்சம் இருக்கும்.
அது வடியாம தொட்டா வெடிச்சிரும்."
டெக் செங் வாங்கி வைத்த தே ஓ
ஆறி ஆடை கட்டத் தொடங்கியது.

சக்கரம் சுற்றும், ஹாரன் கத்தும்,
துடைப்பான் மழைக்கு மழை ஆடும்.
இது மட்டும் சீட்டின் விலாவில் மடிந்து
ஒரே ஒரு நொடிக்காகப் பத்து வருஷம் விழித்திருக்கும்.
அந்த நொடி வரக்கூடாது என்றுதான்
காசு கொடுத்து வாங்குகிறோம்.

பையின் மேல் சாதா மீட்டரை வைக்கக்கூடாது;
அளக்க வந்த மின்சாரத்தை
உத்தரவு என்று எடுத்துக்கொள்ளலாம் அது.
பையைப் பிரித்துத் தள்ளி வைத்தேன்.
அதன் இடத்தில்
இரண்டு ஓம் அளவில் ஒரு பொய்.
கணினி நம்பியது.

சீட்டை முன்னே தள்ளினேன். ஒன்றுமில்லை.
நடுவில். ஒன்றுமில்லை.
கடைசிப் பல்வரை இழுத்துச் சாய்த்தேன்.
எழுந்துவிட்டான் சிவப்பு மனிதன்.

"இந்தப் பக்கம் யார் உட்காருவாங்க?"
"யாரும் இல்ல. மனைவி பின்னாலதான், படுத்துக்குவாங்க."

ஆனால் தண்டவாளத்துக் கிரீஸ்
கடைசிப் பல்வரை வழிந்து பளபளத்தது.
டார்ச் அடித்துக் குனிந்தேன்.
பிளாஸ்க் மூடி ஒன்று. தைலக்குப்பி.
ஒட்டுப்பட்டையோடு
பழுப்பு ரத்தம் காய்ந்த பஞ்சு.
அவற்றுக்குப் பின்னால், கிளிப் உடைந்து,
தண்டவாளப் பல்லில் சிக்கிய மஞ்சள் உறை;
உள்ளே செம்பு நான்கைந்து இழைதான் மிச்சம்.

பஞ்சை என் கையில் பார்த்துவிட்டார்.
"வாரம் மூணு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம்.
ஸ்டியரிங் இடிக்கும், அதான் இந்தப் பக்கம் மாறி..."
"யாரும் உட்காரலைன்னீங்க?"
"அது உட்கார்றதா மிஸ்?
காத்திருக்கிறது."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:
"சிஓஇ முடிய எட்டு மாசம்தான். அப்படியே விட்டா?"
"ஒரு பக்கம் பழுதுன்னா
எல்லாப் பையையும் தூங்க வச்சிரும்.
பின் சீட்டுத் திரையையும் சேர்த்து."
அதற்குமேல் விலை கேட்கவில்லை.

புது ஒயர்த் தொகுதி வர இரண்டு நாள்.
மாட்டும்போது
புத்தகம் சொன்ன வழியில்தான் போனேன்,
கிளிப்பை மட்டும் ஒரு துளை தள்ளிப் போட்டேன்.
நான்கு விரற்கடை தொய்வு கிடைத்தது.
முன்னும் பின்னும் முப்பது தடவை.
இரண்டு புள்ளி ஒன்று. அசையவில்லை.
பொய்யைக் கழற்றிப் பையைச் சேர்த்து,
மறுபடி ஐந்து நிமிஷம் நின்று, சாவியைத் திருப்பினேன்.
சிவப்பு மனிதன் வந்தான்.
ஆறு எண்ணினேன்.
போனான்.

"நானே பார்க்கிறேன்" என்று
கடைசிப் பல்வரை இழுத்துச் சாய்ந்தார் தனபாலன்.
பில் எழுதித் திரும்பினால்
வாய் லேசாய்த் திறந்திருக்க, தூக்கம்.

அடுத்த கார் சரிவில் ஏறி நிற்கிறது.
டெக் செங் கையைக் காட்டுகிறார்.
நான் விரல்களை விரிக்கிறேன்:
அஞ்சு நிமிஷம்.