விவரம்: மணி ஒன்று

சிலிம் ரிவர் கடைத்தெரு, அடகுக்கடை.
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்,
உரைகல், அமிலக் குப்பி, பத்து மடங்கு காட்டும் கண்ணாடி.
மாதக் கடைசி.
இந்த ஊர் வளையல் எல்லாம் எனக்கு முகம் தெரியும்.

தெய்வானை உதிரிப் பழம் பொறுக்குகிறவள்.
கையுறையை உதறி
தட்டில் ஒன்றை உருட்டிவிட்டாள்.
"யார் சங்கிலில அறுந்ததோக்கா,
பதினாறாம் பிளாக், சாய்ஞ்ச மரத்துக் கறையான் மண்ணுல கிடந்துச்சு."

மிளகைவிடச் சற்றுப் பெரிது.
பச்சை. பாசிப் பச்சை இல்லை;
மழைத் தண்ணீரில் டீசல் படர்ந்தால் ஒரு பச்சை வருமே, அது.
துளை மட்டும் இல்லை.
துளையில்லா மணியை யார் கோத்தது?

கண்ணாடியை இமையில் இடுக்கினேன்.
மேலெல்லாம் குழிகள்,
ஒவ்வொன்றும் குதிரை லாடம்போல் ஒரு பக்கம் திறந்து.
எந்த ஆசாரிக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது.
அடியில் மயிரிழை மூட்டு,
கதவும் நிலையுமாய்ப் பொருந்திய தகடுகள்,
பற்றவைத்த தடமே இல்லை.

தராசில் வைத்தேன். சுழி, சுழி, இரண்டு.
பிறகு ஒன்று. மறுபடி இரண்டு.
ஏசி காற்று என்று நினைத்தேன்.

மணி திறந்தது.

நாசி லெமாக் பொட்டலம் பிரிவதுபோல்
தலை, மார்பு, முதுகு.
ஓரத்தோடு ஓரம் மடித்து வைத்திருந்த தட்டைக் கால்கள்.
முகத்தில் இரண்டு இழை, நுனியில் இதழ்கள்.
மூன்று. எண்ணிவிட்டேன்.
அதற்குள் மறுபடி மணி.

தவுக்கே எட்டிப் பார்த்துச் சாணி வண்டு என்றார்.
சாணி வண்டு உருண்டையை உருட்டும்,
இது தானே உருண்டை.
"குருத்தைத் தின்கிற கொம்பு வண்டும் இல்ல," தெய்வானை சொன்னாள்,
"அத வாளி வாளியா எண்ணிக் கொட்டியிருக்கேன்."

தஞ்சோங் மாலிமில் படிக்கும் அவர் மகள் ஹுய் லிங்குக்குப் படம் போனது.
பதில்: அதிகம் கிடைக்காது, வைத்திருங்கள்.
எந்த இனம் என்று சொல்ல
வயிற்றுப் பக்கம் வேண்டும். கொன்று, விரித்து, ஊசியில்.

தெய்வானை அதைத் தீப்பெட்டிக்குள் தள்ளி மூடினாள்.
பிறகு, வந்த காரியம் நினைவுக்கு வந்ததுபோல்,
கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.
அதற்குக் கண்ணாடி வேண்டாம், நாலாம் முறை வருகிறது.
பள்ளி வேனுக்கு இரண்டு மாதப் பாக்கியாம்.

சீட்டில் எழுதினேன்:
சங்கிலி ஒன்று. கொக்கி நெளிவு.
அடியில், நகலில் விழாதபடி பென்சிலில்:
மணி ஒன்று. பச்சை. துளை இல்லை.
மூன்று இதழ்.
மீட்க வரமாட்டார்கள்.

வெளியே தோட்டத்து லோரி ஹார்ன் அடித்தது.
ஒரு கையில் பணம், ஒரு கையில் தீப்பெட்டி,
ஏறுவதற்குக் கை இல்லாமல்
பணத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.