பந்தயக் குறிப்பு, காட்டுப்பள்ளித் தீவு

கிளப் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு விசில்,
முள் நின்றுபோன காற்றுமானி.
அக்கரையில் நிலக்கரி இறங்கும் சத்தம்.

ஒன்பது படகு. இன்ஜின்கள் கழற்றி மணலில்.
எத்திராசு பாயைத் தேர்தல் பேனரில் தைத்திருந்தான்;
தோற்ற வேட்பாளர் கும்பிட்டபடியே
காற்று பிடித்து உப்பினார்.

விதி மூன்று: முகத்துவாரம் தொட்டுத் திரும்ப வேண்டும்.
எழுதியது நான்.
சேறு அதைப் படித்ததில்லை.
போன மாதம் இல்லாத இடத்தில்
சாம்பல் மேடு. ஆறு படகு தரைதட்டின.

இடுப்பளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருந்த பூங்காவனம்
தலை தூக்காமல் சொன்னாள்:
"மூணாவது பொகபோக்கி,
உப்பளத்துப் பூவரசு.
ரெண்டும் ஒட்டுற எடத்துல புடி, ஆழம்."

ஒட்டின.
வேட்பாளர் மெல்லக் கிளம்பினார்,
பின்னாலேயே மற்றவர்கள், திட்டிக்கொண்டு.

பரிசு எவர்சில்வர் குடம்.
எத்திராசின் அம்மா அதைச் சுண்டிப் பார்த்தாள்,
வாங்கலாமா என்பதுபோல.

ராத்திரி, கிளப் சுவரின்
வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தில்
புகைபோக்கிக்குப் பென்சிலால் ஒரு புள்ளி,
பூவரசுக்கு ஒன்று. கோடு இழுத்தேன்.
மற்ற கோடுகளுக்கெல்லாம்
யாரோ கேப்டன்களின் பேர் இருந்தது.

பூங்காவனம் என்று எழுதினேன்.
கழி போதவில்லை;
கடைசி இரண்டு எழுத்து
கரையேறிவிட்டது.