இலவசப் பதிப்பு

ஹவுஸ்மென்னாகச் சேர்ந்த அன்றே
இடமில்லை என்றது கைப்பேசி.
ஓட்டப்பயிற்சிச் செயலியை அழித்தேன்;
இனி நான் ஓடுவதை யாரும் எண்ணித்தர வேண்டாம்.
அந்த இடத்தில் மருந்தளவு வந்து குந்தியது.
பேறுகாலச் சக்கரம், உப்புக்கணக்கு,
தோலை உரித்து உரித்துக் காட்டும் உடம்பு ஒன்று
(இடுப்புக்குக் கீழே காசு).
எல்லாம் ஓசி.
ஜாலான் ரெசிடென்சியில் கார் நிறுத்துவதைத் தவிர
எல்லாம் ஓசி.

குழந்தைகள் வார்டு, விடியல் மூன்று மணி.
டெங்கியில் ஒரு சிறுமி, பதினொன்று புள்ளி நான்கு கிலோ.
எடையைத் தட்டிவிட்டு விடைக்குக் காத்திருந்தேன்.
வண்ண மிட்டாய்கள் திரை முழுக்க உருண்டன.
விளம்பரம். ஐந்து நொடி.
நான்கு. மூன்று.
சிறுமி எட்டிப் பார்த்து
"காக், நாக் மாயின்" என்றாள்.
மணிக்கு ஐம்பத்தேழு மில்லி.
மிட்டாய்க்குப் பிறகு வந்த எண்ணை எப்படி நம்புவது?
மனதுக்குள் ஒருமுறை, உள்ளங்கையில் பேனாவால் ஒருமுறை
பெருக்கிப் பார்த்தேன்.
அதே ஐம்பத்தேழு.

மெடிக்கல் வார்டுக்கு மாறிய மாதம்
திரு லிம் போக் ஹுவாட் வந்தார். ஆயர் ஈத்தாம். எழுபத்திரண்டு.
அவர் பேசியது ஹொக்கியன்,
செயலிக்குத் தெரிந்தது மாண்டரின்.
நிருபர் மாதிரி அவர் வாயருகே நீட்டினேன்.
"பாக் தோ தியா" என்றார்.
சக்கரம் சுழன்று சுழன்று
திரையில் எழுதியது: எட்டு, பல நாள்.
எட்டு நாளாக என்ன?
கோப்பில் எழுதவும் தொடங்கிவிட்டேன்.
வாளியோடு கடந்துபோன பிரகலாதன்,
சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வெட்டி வளர்ந்தவன்,
நின்றான்.
"வயிறு வலிக்குதாம் டாக்டர். காலைலேர்ந்து."
பிறகு அவரிடம் என்னவோ கேட்டான்; அவர் சிரித்தார்.
இன்னும் என்னவோ கேட்டான்.
"வலி தாடைக்கும் ஏறுதாம்."

தாடை என்ற சொல் காதில் விழுந்ததும்
ஈசிஜி பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன்.
தாளில் வந்த அலைகளை ஒப்பிடச் செயலியைத் திறந்தால்
நலமான இதயம் மட்டும் திறந்தது.
மற்றவை எல்லாம் சின்னச் சின்னப் பூட்டுகளோடு வரிசையாக.
இலவசப் பதிப்பில் நோயில்லாத இதயம் ஒன்றுதான்.
படுத்திருந்தவரிடம் அது ஒன்றுதான் இல்லை.
"இரண்டு, மூன்று, ஏவிஎஃப்," என்றார்
தோளுக்குப் பின்னால் எம்.ஓ. நூர் அஸ்வானி,
"தாளைப் பாரு, டிக்."

கேத் லேபுக்குத் தள்ளுமுன்
அவர் கண்கள் மேலே போயின.
அழுத்தினேன். பயத்தில் வேகம் கூடியது.
கிட்டார் பழகுவோருக்கென்று யாரோ செய்த தாளச் செயலி,
நிமிடத்துக்கு நூற்றுப்பத்து,
தலையணை ஓரத்தில் டிக் டிக் என்றது.
எந்த ஊரிலோ இருந்து அதைச் செய்தவருக்கு
இந்தக் கட்டில் தெரியாது.
நான், ஸ்டாஃப் நர்ஸ் ரொகாயா, பிரகலாதன், மறுபடி நான்.
முப்பத்தெட்டு நிமிடம்.
எம்.ஓ. மணியைச் சொன்னார்.
கைகள் எல்லாம் நின்றபின்னும்
டிக் டிக் நிற்கவில்லை.
விரலை வைத்தேன். ஒரு கேள்வி எழும்பியது:
எங்கள் செயலி பிடித்திருக்கிறதா?
ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.

நான்கு தந்தேன்.
குறை என்ன என்று கேட்டது.
குறை ஒன்றும் இல்லை; அது சரியாகத்தான் அடித்தது.

காலையில் கேன்டீனில் பிரகலாதனிடம் கேட்டேன்,
அவர் எதற்குச் சிரித்தார் என்று.
"காலைல என்ன சாப்ட்டீங்கன்னேன்.
சார் கொய் தியாவாம்.
மட்டி ரெண்டே ரெண்டுதான் போட்டானாம்,
கடைக்காரன் ஏமாத்திட்டானாம்."

குறிப்பேட்டைத் திறந்தேன்.
அதற்கு விளம்பரமும் இல்லை, பூட்டும் இல்லை.
பாக் தோ தியா, வயிறு வலி என்று எழுதி
அதன் கீழே
மட்டி, இரண்டு
என்றும் எழுதிக்கொண்டேன்.