கொஞ்சம் குட்டையான கயிறு

ஃபரோ தீவில் எங்கள் பாறைக்கு
மேலே புல்லும் ஆடும்,
கீழே கடல்,
நடுவில் கயிற்றில் என் தம்பி.

விளிம்பில் குப்புறப் படுத்து
அவன் சைகை பார்த்துச் சொல்வது என் வேலை.
இழு. விடு. நிறுத்து.
பின்னால் ஆறு பேர் இழுப்பார்கள்.
பன்னிரண்டு கோடையாய் அவன் முகத்தைவிட
உச்சந்தலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூத்தவன் பங்கு எனக்கு வந்தது:
வீடு, படகில் பாதி, நாற்பது ஆடு.
அவனுக்கு வந்தது கால்.
ஹைனி இறங்கினால் பாறையே நகர்ந்து இடம் கொடுக்குமாம்.
பாதிரியார் சொன்னார்,
எங்கள் அப்பாவைப் புதைத்த அன்று,
குழி இன்னும் மூடவில்லை.

கதவு நிலையில் அம்மா எங்கள் உயரம் கீறிவைத்திருந்தாள்.
அவனுக்குப் பதினாலு வயதானபோது
அவன் கோடு என் கோட்டைத் தாண்டியது.
ஒரு ராத்திரி இரண்டையும் சீவி எடுத்தேன்.
நிலை மெலிந்தது.

அதே கத்திதான்.

ஜூனில் இங்கே இருட்டுவதில்லை.
கெட்டது செய்யவும் வெளிச்சத்தில்தான் போக வேண்டும்.
படகுக் கொட்டிலில் கயிற்றின் முறுக்கைத் தளர்த்தி
பதினேழாவது பாகத்தில்
உள் இழைகளை அறுத்தேன்.
வெளி இழையை மூடி
ஆட்டுக் கொழுப்பைத் தேய்த்தேன்.
கை நடுங்கியது என்று சொல்லத்தான் ஆசை.
நடுங்கவில்லை.

காலையில் வழக்கம்போல் அவன்
கயிற்றை உள்ளங்கையில் ஓடவிட்டான்,
பூனை முதுகைத் தடவுகிறவன் மாதிரி.
பதினேழில் நின்றது கை.
என்னைப் பார்க்கவில்லை.
பழுதை நடுவில் விட்டு மடித்து
இரண்டு பக்கமும் சுருக்குப் போட்டான்,
பாரம் அதில் ஏறாதபடி.
இறங்கினான்.

மர உருளையை முடிச்சு தாண்டும்போது
டக் என்றது.
ஆறு பேர் காதிலும் விழவில்லை.
எனக்குப் பல்லில் கேட்டது.
நிறுத்து என்று கத்தியிருக்கலாம்.
நான் சொன்னது:
விடு.
விடு.
இன்னும் விடு.

சாயங்காலம் நூற்றிருபது முட்டையோடு ஏறிவந்தான்.
பச்சையில் கரும்புள்ளி, ஒரு முனை கூர்.
உருட்டினால் ஓடாது, தன்னையே சுற்றி வரும்.
இருந்ததிலேயே பெரியதை என் கையில் வைத்தான்.
"கயிறு கொஞ்சம் குட்டையாகிவிட்டது, த்ரோந்துர்.
அடித்தட்டு எட்டவில்லை."
"புதுசு வாங்கிக்கொள்ளேன்" என்றாள் அம்மா.
"வேண்டாம். இது போதும்."

அவன் பெருமையையெல்லாம் இதுவரை ஊர் பார்த்தது.
ஊரோடு சேர்ந்து நானும் கை தட்டித்
தப்பித்துக்கொண்டேன்.
இதை மட்டும் நான் ஒருவன் பார்த்தேன்.
இதைப் பிடித்து இழுக்கப் பின்னால் ஆறு பேர் இல்லை.

பாவியாகவாவது அவனை முந்தியிருப்பேன்.
அதையும் மடித்து
முடிச்சுப் போட்டுவிட்டான்.

முட்டையை உடைக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது.
நேற்றிலிருந்து வாடை வருகிறது.

நாளைக்கு மறுபடி இறங்குகிறான்.
விளிம்பில் யார் என்று கேட்டார்களாம்.
அண்ணன்தான் வேண்டும் என்றானாம்.