நாற்பத்தோராம் நிமிடம்

சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்குப் படம் போடுவதாய்
நான்தான் வாயைக் கொடுத்தேன்.
நாகலூர்ப் பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர், இரண்டு நாள் இரவல்.
படம் அண்ணன் பென்டிரைவில் தந்தது.
எனக்கு ஏழு வயதில், சேலம் அம்மாப்பேட்டையில்
மாமா வாடகைக்கு எடுத்த கேசட்டில் பார்த்த அதே கார்ட்டூன்:
ஒரு நீர்நாய்க் குட்டி, ஒரு காற்றாலை,
தூங்கிக்கொண்டே வழி சொல்லும் ஆமை.
நல்ல படம் என்றுதான் ஞாபகம்.
ஞாபகத்தை நம்பி
மூன்று வயதை இருட்டில் உட்கார வைக்க முடியுமா?

வெள்ளி இரவு, சத்தத்தைக் குறைத்துவிட்டு
கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்தேன்.
ஏழாம் நிமிடம்: பொறி வைப்பவன் கத்தி தீட்டுகிறான். நிழல்தான். சரி.
பத்தொன்பது: ஆந்தை, திடீரென்று. லோகித் கத்துவான். பக்கத்தில் இருக்கணும்.
இருபத்தேழு: சமையல்காரன் மாவில் விழுகிறான். சிரிப்பு.
முப்பத்து மூன்று: பீப்பாயைத் திறந்து எல்லோரும் குடிக்கிறார்கள்.
ஜூஸ் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பத்தொன்று.
வெள்ளம். அம்மா நீர்நாய் கரையேறவில்லை.
நிறுத்தினேன். திரும்ப ஓட்டினேன்.
இதை ஏழு வயதில் பார்த்தேனா?
இந்த இடம் வந்ததும் மாமா
பட்டனை அழுத்தியிருப்பாரோ?
கேசட் ஓடும்போது கோடு கோடாய் வருமே,
அந்தக் கோடுகளுக்குள் ஒரு தாய் போய்விட்டிருக்கிறாள்,
எனக்குச் சொல்லாமல்.
"ஓட்டிவிடு" என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன். தாள் கிழிந்தது.

மறுநாள் பனி தானாய் இறங்கியது,
ஜன்னலுக்குச் சாக்கு கட்டும் வேலை மிச்சம்.
மாதம்மாள் வீட்டுக்காரர் வேட்டி திரையாயிற்று.
வேட்டி பத்தவில்லை. ஓரத்தில் ஆறு வழிந்து
சுவரில் எழுதியிருந்த ஐ மேலும் ஔ மேலும் ஓடியது.

ஆந்தைக்கு லோகித் கத்தவில்லை.
"எங்கூட்டுக்குப் பின்னாடி இருக்குது இது" என்றான்.
கரிக்கட்டையாய் வரைந்திருந்த சமையல்காரன்
மாவில் விழுந்து வெளுத்து எழுந்தபோது
முயலும் வாத்தும் கைதட்டின.
பதினோரு பிள்ளைகளும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.
நானும்தான்.
பீப்பாய்க்கு நான் ஜூஸ் என்றேன்.
தர்ஷினி என்னைப் பார்த்த பார்வையில்
அவள் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் இருந்தன.

நாற்பத்தொன்றில் ரிமோட் செத்துப்போனது.
எழுந்து திரைக்கு முன்னால் நின்றேன்,
என் புடவை முழுக்க வெள்ளம்.
"மறைக்காதீங்க டீச்சர்."
நகர்ந்தேன்.
குட்டி கரையில் உட்கார்ந்து கூப்பிட்டது.
கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.
லோகித் அதனிடமே சொன்னான், என்னிடம் இல்லை:
"அழுவாத. திருப்பூர் போயிருக்கும். பொங்கலுக்கு வரும்."
அவன் அம்மா பனியன் கம்பெனியில் இருக்கிறாள்.
யாரும் அழவில்லை.
மாதம்மாள் மட்டும் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.
படம் தேறிவிட்டது என்று வேட்டியை மடித்தேன்.

திங்கட்கிழமை காலை
சத்துமாவு டின்னுக்குப் பக்கத்தில் கோபிகா.
புருவத்தில் மாவு, காதில் மாவு, கழுத்து மடிப்பில் மாவு.
"விழுந்துட்டியா?"
இல்லையென்று தலையாட்டினாள்.
"நான் வெள்ளையாயிட்டனா டீச்சர்?"
சுற்றி நின்றதுகள் கைதட்டின,
முயலும் வாத்தும் தட்டிய மாதிரியே
விட்டு விட்டு, மூன்று முறை.

சத்துமாவும் பழுப்புதான்.
கோதுமை, கடலை, கேழ்வரகு, வெல்லம்.
அவள் நிறத்துக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம்.

வெந்நீர் வைத்துக் கழுவினேன்.
காதுக்குள் போனது லேசில் வரவில்லை.
ஈரக் கையோடு நோட்டைத் திறந்தால்
இருபத்தேழுக்கு எதிரே
"சிரிப்பு" என்று என் கையெழுத்து,
பக்கத்தில் ஒரு டிக்.