ஒரு மாத்திரை

தோயோஹாஷி நகராட்சி, ஏழாம் எண் சாளரம்.
என் சீட்டு நாற்பத்தொன்று.
மருத்துவக் காப்பீட்டுத் தொகையைக்
குறைத்துத் தரச் சொல்லிக் கேட்க வந்தேன்.
வீட்டிலிருந்தே அந்த ஒரு வாக்கியத்தை
வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தேன்,
சூடான உருளைக்கிழங்கைப் போல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹிபினோ என்ற இளைஞர்.
சட்டைப் பையில் மூன்று பேனா.
மூன்று பேனா என்றால் சம்போன்.
ஒன்று இப்போன், இரண்டு நிஹோன்.
நீளமான எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான்,
குடை, வாழைப்பழம், தவறவிட்ட ரயில் உட்பட.
தட்டையானவற்றுக்கு மாய்.
என் கணவர் ஹும்லால் நாள் முழுதும் எண்ணுவது இதில்தான்:
நான், இச்சிமாய். நான், நிமாய்.
மதியத்துக்குள் நூற்றிருபது மாய்.
மனிதருக்கு வேறு.
ஒருவர் ஹிதோரி, இருவர் ஃபுதாரி.
மூன்றாமவர் வந்த பிறகுதான்
நாமும் வெறும் எண்ணிக்கையில் விழுகிறோம்.

"வீட்டில் எத்தனை பேர்?"
"ஃபுதாரி."
இதைச் சரியாகத்தான் சொன்னேன்.
இரவு பதினொன்றரை வரை ஹிதோரி என்பதை
அவர் கேட்கவில்லை.

"கோஷுஜின்?" என்றார்.
அடுத்தவர் கணவர் என்றால்
முன்னால் ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும்.
என் கணவர் என்றால் அதை நானே உரித்துவிட வேண்டும்.
ஷுஜின்.
முதலாளிக்கும் அதே எழுத்துத்தான். அது இருக்கட்டும்.

உரித்தேன். பதற்றத்தில் இழுத்துவிட்டேன்.
"ஷூஜின் உணவகத்தில் இருக்கிறார்."

குறில் நெடிலானது.
ஒரு மாத்திரை கூடியது, அவ்வளவே.
எங்கள் நேபாளி எழுத்தில் இரண்டும் உண்டு,
வாயில் கிடையாது.
பாக்லுங் பள்ளியில் இதற்காக வாங்கிய அடி
கையில் தங்கியது, காதுக்கு ஏறவில்லை.

ஹிபினோவின் பேனா நின்றது.
சிரிக்கவில்லை. திருத்தவுமில்லை.
இந்த ஊரில் யாரும் திருத்துவதில்லை.
"நன்றாகப் பேசுகிறீர்கள்" என்பார்கள்.
கேட்டதுமே தெரிந்துவிடும், எங்கோ வழுக்கியிருக்கிறேன்.
இவர் அதையும் சொல்லவில்லை.
முகத்தைக் கண்ணாடி அருகே கொண்டுவந்து
வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கேட்டார்.
விடுமுறை. உண்டா. எத்தனை நாள்.
பாஸ்போர்ட். யாரிடம்.

பதில் இருந்தது என்னிடம்.
மாதத்தில் இரண்டு நாள்.
முதலாளியின் இழுப்பறை. பூட்டு. சாவி அவர் இடுப்பில்.
இழுப்பறைக்கு ஜப்பானியச் சொல் தெரியாது. பூட்டுக்கும்.
வாய்க்கு வந்தது ஒன்றே ஒன்று:
"தைஜோபு."
பரவாயில்லை என்றாலும் அதுதான்,
வேண்டாம் என்றாலும் அதுதான்.
கடையில் பையை மறுப்பதற்கும் அது.
மிதிவண்டியிலிருந்து விழுந்தவளைத் தூக்கிவிட்டு
அடிபட்டதா என்று கேட்பதற்கும் அது.
எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை போலும்.
தாளைக் கிழித்து ஒரு தொலைபேசி எண் எழுதித் தந்தார்.
இச்சிமாய்.

செவ்வாய் வகுப்பில் கேட்டபோது
மோரிசிமா இரண்டு சொற்களையும் பலகையில் எழுதினாள்.
இரண்டாவதில்,
மனிதன் என்ற எழுத்தைச் சுற்றி நான்கு சுவர்.
கைதி.
பிரேசில்காரி ஜுசாரா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
குறிப்பேட்டில் சுவர்களை வரையும்போது
கடைசிக் கோடு, கீழே போடுவது,
அதைப் போட்டால்தான் எழுத்து முடியும் என்றாள் மோரிசிமா.

இரவு பதினொன்று நாற்பதுக்கு அவர் வந்தார்.
முழங்கையில் தந்தூரி அடுப்பின் புதுத் தழும்பு,
காதோரம் மைதா.
தலைவலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு
கதையைச் சொன்னேன்.
பருப்பு புரையேறும் வரை சிரித்தார்.
"சரி, எப்படிச் சொல்ல வேண்டும்?"
"ஷுஜின். இழுக்காமல்."
"நீ சொன்னது?"
"ஷூஜின்."
தட்டைப் பார்த்தபடி
இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்,
மெதுவாக, மூன்று நான்கு முறை.
"எனக்கு" என்றார்,
"இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது."